மாடு இருந்த இடத்தில் ஒரு தொட்டி

எங்கள் ஊரில் ஒருவர் வாசலில் வந்து நின்று "குப்பை இருக்குங்களா?" என்று கேட்டால், அவரைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். எத்தனை வண்டி தேறும், வண்டிக்கு என்ன விலை, வெட்டி ஏற்றுவது யார் பொறுப்பு என்று பேச்சு நீளும். இப்போது நான் குடியிருக்கும் சென்னைப் புறநகர்த் தெருவில் காலை ஏழரைக்குப் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. கூட வரும் அம்மாவும் "குப்பை இருக்கா சார்?" என்றுதான் கேட்கிறார். அன்று கேட்டவர் காசு கொடுத்துவிட்டு எடுத்துப் போனார். இன்று எடுத்துப் போவதற்கு நாம் காசு கட்டுகிறோம்.

தஞ்சைப் பக்கத்து விவசாயிக்குக் குப்பை என்றால் எரு. "நாளைக்குக் குப்பை அடிக்கணும்" என்றால் வயலுக்கு எரு ஓட்ட வேண்டும் என்று அர்த்தம். குப்பைமேட்டில் தானாக முளைப்பதால்தான் குப்பைமேனிக்கும் குப்பைக்கீரைக்கும் அந்தப் பெயர்கள் என்பார்கள். பிள்ளைகள் வரிசையாகத் தவறிப்போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்றோ குப்பம்மாள் என்றோ பேர் வைத்தார்கள். வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றுவதற்காம். எது விழுந்தாலும் முளைத்துவிடுகிற இடம் என்பதும் அந்தத் தாயின் மனசில் ஓடியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

நான் பார்த்து வளர்ந்த குழி, எழுபதுகளில், அரசலாற்றுப் பாசனத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தது. வாசலில் நுழைந்து நேரே நடந்தால் கூடம், முற்றம், அடுக்களை, கிணறு. அதற்கப்பால் மாட்டுக் கொட்டில், வைக்கோல்போர். எல்லாவற்றுக்கும் கடைசியில் எருக்குழி. பத்தடி நீளம், ஆறடி அகலம், இடுப்பளவு ஆழம். வெயில் நேரே அடிக்காமல் ஒரு புங்கமரம் நின்றது. பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ வருகிறவர்கள் கை கழுவுகிற சாக்கில் கொல்லைப் பக்கம் வந்து, வைக்கோல்போரின் உயரத்தையும் குழியின் நிறைவையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று அப்பாயி சொல்லும். இரண்டையும் பார்த்தால் வீட்டில் எத்தனை உருப்படி மாடு, எத்தனை மா நிலம் என்பது கேட்காமலே தெரிந்துவிடும்.

குழிக்குள் என்னென்ன போயிற்று என்று இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். விடியற்காலையில் கொட்டில் கூட்டிய சாணி, மாட்டு மூத்திரத்தில் ஊறிய வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய தூசி, வேப்பஞ்சருகு, பொங்கல் கழிந்த கரும்புச் சோகை, வாழைமட்டை, காய்ந்துபோன மாவிலைத் தோரணம். அடுக்களையிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே போகவில்லை. இது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் உறைத்தது. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், ஊசிப்போன குழம்பு எல்லாம் கிணற்றடியில் இருந்த கழுநீர்ப் பானைக்குப் போயின. சாயங்காலம் அதில் இரண்டு கை தவிடும் ஊறவைத்த புண்ணாக்கும் போட்டுக் கலக்கிப் பசுவுக்கு முன்னால் வைப்பார்கள். அது மூக்கை அமிழ்த்திக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு நாக்கால் பானையின் விளிம்பைத் துழாவும். மீன் முள் பூனைக்கு. பழைய சோறு எங்களுக்கு.

ஆகவே சமையலறைக் கழிவு முதலில் மாட்டின் வயிற்றில் மக்கியது. அங்கே செரித்துச் சாணியாக வெளியே வந்ததுதான், வைக்கோலோடு சேர்ந்து குழிக்குப் போயிற்று. குழிக்கு மிஞ்சியது பாதி வேலை. அதனால்தான் யாரும் கிளறாமல், அளக்காமல், மூடி போடாமல் அது பாட்டுக்கு மக்கிக்கொண்டிருந்தது. கிட்டே போனால் ஒரு கதகதப்பான கொட்டில் வாசனை வருமே தவிர நாற்றம் கிடையாது.

சித்திரையில் குழியை வெட்டுவார்கள். தாளடி அறுத்து வயல் காய்ந்து கிடக்கும். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் குப்பை அடித்துவிட வேண்டும். மேலே ஒரு முழம் வரை வெறும் சருகும் கூளமும். அதற்குக் கீழே வெள்ளைப் பூசணம் சாம்பல் தூவினாற்போல் படர்ந்திருக்கும். இன்னும் கீழே மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கும். கறுப்பாக, உதிரியாக, சாணி என்றோ வைக்கோல் என்றோ சொல்ல முடியாத ஒன்று. அந்த ஆழத்தில்தான் கட்டை விரல் தடிமனுக்கு வெள்ளை வெளேரென்று புழுக்கள் சுருண்டு கிடக்கும், செம்பழுப்புத் தலையோடு. காண்டாமிருக வண்டின் குஞ்சுகள். விட்டால் வண்டாகிப் போய்த் தென்னங்குருத்தைத் துளைத்துவிடும். பொறுக்கி எடுப்பது பிள்ளைகள் வேலை. கொட்டாங்கச்சி நிறையப் பொறுக்கிக் கோழிகளுக்கு முன்னால் கொட்டுவோம். கோழிக்கு அன்றைக்குத் தீபாவளி.

புழு பொறுக்கியது நாங்கள். கூடை சுமந்தது நாங்கள் இல்லை. ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். கொல்லை வழியாக வந்து கொல்லை வழியாகவே போனார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, கூடையிலிருந்து கழுத்தில் வழிகிற ஈரம். கூலி நெல்லாக, மரக்காலில். பழைய இயற்கை விவசாயத்தின் அருமை பற்றி மேடையில் யாராவது உருகும்போது எனக்கு அந்தக் கழுத்துகள் ஞாபகத்துக்கு வந்துவிடும். குழி நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுத்தமாக வைத்திருந்த ஏற்பாடு நன்றாக இல்லை.

இந்த முறை எவ்வளவு காலமாக இருந்தது என்று யாருக்கும் கணக்கில்லை. ஆனால் வெள்ளைக்காரர்கள் இதைக் கவனித்து எழுதியதற்குக் கணக்கு உண்டு. 1889-ல் இந்திய விவசாயத்தைத் திருத்த யோசனை சொல்ல வந்த வோல்கர், 1893-ல் வெளியான அறிக்கையில் மற்ற காரியங்களில் இந்த நாட்டு உழவனுக்குப் பெரிதாகப் பாராட்டே தெரிவித்தார். வருந்தியது சாணியை வரட்டி தட்டி எரிப்பதைப் பற்றி. எரிக்காமல் என்ன செய்வது, விறகு எங்கே இருக்கிறது என்பதையும் அவரே கேட்டார். பிறகு ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, செடிகொடிக் கழிவையும் சாணியையும் சாம்பலையும் அடுக்கடுக்காகப் போட்டு, காற்றுப்புகக் கிளறி, மூன்றே மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். இன்று உலகம் முழுக்க 'இந்தூர் முறை' என்று பேர். எங்கள் குழி ஒரு வருஷம் எடுத்துக்கொண்டதை அவர் கால்வாசி நாளில் முடித்ததற்குக் காரணம் அந்தக் கிளறல்தான். எங்கள் ஊரில் அதைச் செய்ய யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

அவசரம் வேறு வழியாக வந்தது. 1960-ல் தஞ்சை மாவட்டத்தில் 'பேக்கேஜ்' என்ற தீவிர விவசாயத் திட்டம் வந்தது. சில வருடங்களில் ஏடிடி 27 நெல் வந்தது. கூடவே சீமை உரம். 1971-ல் மணலியிலும் 1975-ல் தூத்துக்குடியிலும் உரத் தொழிற்சாலைகள் ஓடத் தொடங்கின. யூரியா மூட்டை கடைத்தெருவில் கிடைக்கும் சரக்காகிவிட்டது.

விவசாயி ஏமாந்துபோனார் என்று சொல்வது எளிது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரை பங்குதான் தேறும். யூரியாவில் 46 பங்கு. இன்றைய 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கிற தழைச்சத்து தொழுவுரமாக வேண்டுமென்றால் 4 டன் வேண்டும். மாட்டு வண்டிக்கு அரை டன் என்றாலும் எட்டு வண்டி. எட்டு வண்டியை வெட்டி, ஏற்றி, ஓட்டி, இறக்கி, இறைப்பதா, ஒரு மூட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதா? என் சித்தப்பா இரண்டாவதைத்தான் செய்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தொழுவுரம் மண்ணைப் பொலபொலவென்று வைத்து ஈரம் பிடித்து நிறுத்தியது. யூரியாவுக்கு அந்த வேலை தெரியாது. அந்தக் குறை முதல் வருஷத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவதற்குள் குழி தூர்ந்துவிட்டது.

அதற்கும் முன்னால் மாடு போயிற்று. டிராக்டர் வந்ததும் உழவு மாடு. பிறகு வண்டி மாடு. எண்பதுகளின் நடுவில் பசுவையும் விற்றார்கள். அதற்குக் காரணம் பாலோ தீவனமோ அல்ல, அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து கொட்டில் கூட்ட ஆள் இல்லை. எரிவாயு அடுப்பு வந்ததும் சாம்பலும் நின்றது. குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக நின்றன, புதிதாக ஒன்று இறங்கத் தொடங்கிற்று: பால் கவர், ஷாம்பு பாக்கெட், மளிகைக்கடைப் பை. கடைசியாகக் குப்பை அடித்த வருடம் வயல் முழுக்க நிறம் நிறமாகப் பாலிதீன் முளைத்துக் கிடந்தது. நடவு நட்ட பெண்கள் விரலில் சுற்றிய கவரை உருவி வரப்பில் போட்டுவிட்டுத் திட்டினார்கள். அத்தோடு சரி. எங்கள் குழிக்கு யூரியா பாதிக் கணக்கை முடித்தது என்றால் மீதியை முடித்தது பாலிதீன்.

இப்போது அந்த இடத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறது. புங்கமரம் இல்லை. காலையில் தூய்மைக் காவலர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கேட்கிறார். ஊர்க்கோடியில் ஊராட்சி போட்டிருக்கும் தகரக் கொட்டகையில் அதைத் தொட்டிகளில் போட்டு மக்க வைக்கிறார்கள். தனித்தனி வீட்டுக்குழி போய், ஊருக்கெல்லாம் ஒரே குழி. சித்தப்பா மகன் மாடித்தோட்டத்துக்கு மண்புழு உரம் வாங்குகிறான், கும்பகோணம் கடையில், கிலோ கணக்கில். "பாலித்தீன் பையில போட்டுத் தர்றாங்க அண்ணே" என்றான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். பணி ஓய்வு பெற்ற கையோடு, வீட்டின் பின்பக்கம் துவைகல்லுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் இருக்கும் எட்டடி இடத்தில் ஒரு பச்சை நிறத் தொட்டி வாங்கி வைத்தேன். எருக்குழி வீட்டுப் பிள்ளை, இது ஒரு வித்தையா என்று நினைப்பு. சாம்பார் மிச்சம், தர்பூசணித் தோல், புளித்த தோசைமாவு, வடித்துப் போட்ட டீத்தூள், எல்லாவற்றையும் கொட்டி மூடியை இறுக்கிச் சாத்தினேன். பத்தாம் நாள் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "சார், உங்க பக்கம் ஏதாவது செத்துக் கெடக்கா?" என்று கேட்டார்.

மூடியைத் திறந்தபோது எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

நான் செய்த தப்பு, தொட்டியை எருக்குழி என்று நினைத்தது. எருக்குழிக்கு மாடு அரைத்துக் கொடுத்ததுதான் போயிற்று. நானோ மாட்டுக்குப் போகவேண்டிய கழுநீர்ப் பானையை அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு வேண்டும். வைக்கோலில் கரிமம் 60 பங்குக்குக் குறையாது. காய்கறிக் கழிவில் 15, 20-தான். அன்றைக்குக் கொட்டில் கூளமே அந்தக் கணக்கைச் சரிக்கட்டியது. என் தொட்டியில் வைக்கோலும் இல்லை, சருகும் இல்லை, ஈரம் மட்டும். ஈரம் காற்றை அடைத்துவிட்டது. காற்றில்லாமல் மக்குவதற்குத் தமிழில் வேறு பேர்: அழுகல்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இருக்கும் பெருங்குடிக் கிடங்கிலும் நடந்தது இதேதான், மலையளவில். வருடக்கணக்காக வாழை இலையும் சோறும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டி, காற்றுப் புகாமல் அழுந்தி, உள்ளே மீத்தேன் ஊறியது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. நம் வீட்டில் தயிர்சாதம் மிஞ்சியது பற்றி யாருக்கும் அன்று ஞாபகம் வந்திருக்காது.

தொட்டியைக் காப்பாற்றியது சருகு. எங்கள் தெருவில் ஒரு நாட்டுவாதாமும் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களும் உண்டு. காலையில் கூட்டிக் குவித்த சருகில் இரண்டு சாக்கு கேட்டேன். கூட்டிய அம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குப்பையையா கேக்குறீங்க?" பிறகு அவரே வாரந்தோறும் வாசலில் ஒரு மூட்டை வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். ஒரு கிண்ணம் சமையல் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு, நடுவில் புளித்த மோர் ஒரு தெளிப்பு. கடையில் நுண்ணுயிர்ப் பொடி என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். முதலில் வாங்கினேன், பிறகு மோரே போதும் என்று விட்டுவிட்டேன். மூன்று நாளுக்கு ஒருமுறை கம்பியால் கிளறல்.

ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்று படித்துப் பார்த்தேன், 50 முதல் 60 சதவீதம் என்று போட்டிருந்தது. அதை எப்படி அளப்பது? என் மனைவி ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "புட்டு மாவுப் பதம். பிடிச்சா பிடிபடணும், உதுத்தா உதிரணும்" என்றார். எந்தக் கருவியும் இதற்கு மேல் சொல்லாது.

இப்போது காலையில் மூடியைத் திறந்தால் முகத்தில் லேசாக ஆவி அடிக்கும். உள்ளே சாம்பல் பழுப்பில், தட்டையாக, நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிகின்றன. காது வைத்துக் கேட்டால் மெல்லிய தூறல் மாதிரி ஒரு சலசலப்பு. முதல்நாள் போட்ட பப்பாளித் தோல் மறுநாள் காணோம். கருப்புச் சிப்பாய் ஈ என்ற பூச்சியின் புழுக்கள் இவை. புழுவாக இருக்கும்போது இப்படி அசுரத்தனமாகத் தின்று சேர்த்துவைத்துக்கொள்வதால், ஈயானபின் அதற்குச் சாப்பாட்டுக் கவலை அதிகம் இல்லை. சோற்றுப் பானையைத் தேடி அடுக்களைக்குள் வருவதில்லை. நாற்றத்துக்குப் பயந்து முதல் தடவை வெந்நீர் ஊற்றி இவற்றைத்தான் கொன்றிருக்கிறேன். பசு உறிஞ்சியதை இவை தின்கின்றன. எங்கள் வீட்டு மாடு இப்போது இந்த அளவில்தான் இருக்கிறது.

வாங்குவதற்கு வகைவகையாக வந்துவிட்டன. பெங்களூரில் 'டெய்லி டம்ப்' என்ற நிறுவனம் மூன்று மண்சட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி 'கம்பா' என்று விற்கிறது. அடுக்குமாடி பால்கனிக்கு அது தோது. சுடுமண்ணில் சுவாசம் உண்டு, பிளாஸ்டிக்கில் ஓட்டைதான் உண்டு. நான் பிளாஸ்டிக்கையே வைத்துக்கொண்டு இன்னும் பத்து ஓட்டை போட்டுவிட்டேன். நான்கு பேர் இருக்கும் எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ கழிவு சேருகிறது. மூன்று மாதத்தில் 90 கிலோ, அதற்கு மேல் சருகு. சலித்து எடுத்தால் 20 கிலோ. அப்பாயி காலத்து எரு வண்டியில் இதைக் கொட்டினால் அடிச்சட்டம்கூட மறையாது. ஆனால் வண்டியில் வரும் அம்மா எங்கள் வாளியைத் திறந்து கையை விட்டுப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எனக்கு அந்த 20 கிலோவைவிட இது பெரிதாகப் படுகிறது.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. பெரிய குவியலாக இருந்தால் உள்சூடு 55 டிகிரியைத் தாண்டி விதைகளைக் கொன்றுவிடும். ஒரு கனமீட்டருக்குக் குறைந்த குவியலில் சூடு நிற்பதில்லை. என் தொட்டி அதில் பத்திலொரு பங்குகூட இல்லை. அதனால் எரு போட்ட பூந்தொட்டிகளிலெல்லாம் நான் விதைக்காத தக்காளி, மிளகாய், பாகல். மல்லிச்செடிக்கு எரு வாங்கிப்போன பக்கத்து வீட்டு அம்மா, "மல்லிக்குக் கேட்டா தக்காளியும் சேத்துக் குடுத்திருக்கீங்க" என்றார்.

போன ஐப்பசி மழையில் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பரங்கி முளைத்துச் சுவரேறிப் படர்ந்தது. கார்த்திகைக் கடைசியில் பூவிட்டது. எங்கள் அம்மாவுக்கு வயது எண்பத்தெட்டு. மார்கழி முதல் தேதி விடியலில் வாசலில் கோலம் போட்டுவிட்டுப் பூவைப் பறித்துக்கொண்டு வந்து நின்றார். பூவைச் செருகி வைக்கச் சாணி உருண்டை வேண்டும்.

"சாணிக்கு எங்கம்மா போறது? இதுவும் எருதானே, இதைப் புடிச்சு வையேன்" என்று தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பிடித்தால் பிடிபட்டது. கோலத்தின் நடுவில் வைத்துப் பூவைச் செருகியதும் உதிர்ந்து பரவியது. இன்னொரு தடவை தண்ணீர் தெளித்துப் பிடித்தார். அதுவும் உதிர்ந்தது.

"பால்காரர் வீட்டுக்குப் போய் ஒரு உருண்டை சாணி வாங்கிட்டு வா தம்பி" என்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "சும்மா கேக்காத. பத்து ரூபா குடு."